மஞ்சுவின் கைப்பிக்காசு

சைரன் அலறியது. சிமெண்ட் ஆலையில் கல் சுமந்து ஓடிக்கொண்டிருந்த பெல்ட் குலுங்கி நின்றது.

சுண்ணாம்புக்கல்லோடு எங்கோ இரும்பு கலந்துவிட்டது. அது அப்படியே அடுத்த அரவைக்குள் போனால் இயந்திரத்தின் தாடையே போய்விடும்.

"பதினைஞ்சு நிமிஷம்தான்," என்று கைக்கடிகாரத்தைத் தட்டினார் இன்ஜினியர் செந்தில்குமார். "அதுக்குள்ள எடுக்கலன்னா நாளைக்குத் திருச்சியிலேருந்து வேற ஆளுங்க வந்துடுவாங்க. உனக்கு இங்க வேலை இல்லம்மா."

அரியலூர்ப் பக்கத்துக் குவாரிகளில் பத்து வருடம் கல் உடைத்தவள் மஞ்சு. இங்கே இரும்பு தேடும் வேலைக்கு ஒரு வாரச் சோதனை. இன்று கடைசி நாள்.

அவள் பிக்காசைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. வேலைக்கு வருமுன் கடையில் பத்துப் பிக்காசைத் தூக்கிப் பார்த்து, மணிக்கட்டு வலிக்காத ஒன்றை எடுத்தாள். பட்டறையில் பிடியை முழங்கை அளவுக்கு அறுத்து, அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை முடுக்கச் சொன்னாள். பிக்காசின் தலையில் ஒரு முனை தடித்த கூர். மறு முனையைச் சுண்டுவிரல் அகலத்துக்கு மெலிதாகத் தட்டச் சொன்னபோது பட்டறைக்காரர் கலைமணி, "இதை வெச்சு இரும்பு எடுக்கப் போறியா, பல்லு குத்தப் போறியா?" என்று கேட்டார்.

கூலியாள் வைரக்கண்ணுவும் மற்றவர்களும் பெல்ட்டில் இருந்த கல்லைக் கீழே தள்ளி வரிசை வரிசையாகப் பரப்பினார்கள். மஞ்சு ஒவ்வொரு கல்லின் மேலும் காந்தத்தை ஓட்டிக்கொண்டே போனாள். ஓர் ஆணிகூட ஒட்டவில்லை.

"பிக்காசுக்குத் தண்டை மாட்டிக் கூட்டியாந்தே. அது ஆடவும் இல்ல, பாடவும் இல்ல," என்றார் வைரக்கண்ணு.

"செத்த சும்மா இருங்கண்ணே."

ஒன்பது நிமிடம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பொக்லைன் பக்கெட்டுக்கு வேறு வகைப் பல் மாட்டியிருப்பதாகக் காலையில் டிரைவர் சொன்னாரே! மாங்கனீசு கலந்த எஃகுப் பல். அது உடைந்து கல்லோடு வந்திருந்தால் காந்தம் ஒட்டாது.

பிக்காசைப் பத்தடி தள்ளி எறிந்தாள். அது கிட்ட இருந்தால், எந்த உலோகத்துக்கும் கீச்சிடும் ஆலையின் கை டிடெக்டர் அதற்கே கத்தும். டிடெக்டரை எடுத்துத் தரையை ஒட்டி ஆட்டிக்கொண்டே நடந்தாள். மூன்றாவது வரிசையில், உரிக்காத தேங்காய் அளவு மஞ்சள் கல்லின் மேல் அது கீச்சிட்டது. கல்லின் வெடிப்புக்குள் கறுப்பாக உடைந்த பல்லின் முதுகு.

"ஒரே போடு போடு!" என்றார் செந்தில்குமார். "நாலு நிமிஷம்தான் இருக்கு."

மஞ்சு ஓடிப்போய்ப் பிக்காசை எடுத்து வந்து ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. வெடிப்பின் ஓரத்தில் எதையோ பார்த்துவிட்டாள். பிக்காசைத் திருப்பி, மெல்லிய முனையால் சுரண்டத் தொடங்கினாள்.

"என்ன சுரண்டிக்கிட்டு இருக்க? உடைம்மா!"

அவள் நிமிரவில்லை. மண் பொடிப் பொடியாக உதிர்ந்தது. கடைசி நிமிடத்தில் பல் நழுவி விழுந்தது. கல் இரண்டாகத் திறந்தது.

உள்ளே உள்ளங்கை அளவு ஒரு சுருள். கிடாக்கொம்பைச் சுருட்டி வைத்ததுபோல, வரி வரியாக, ஒரு வரியும் சிதையாமல். இந்தப் பொட்டல் கடலாகக் கிடந்த காலத்தில் நீந்தி, கல்லாகிப்போன உயிர். வெடி வைத்தார்கள், பக்கெட் கடித்தது, முதல் அரவை மென்று துப்பியது. அத்தனைக்கும் தப்பி வந்திருக்கிறது.

வைரக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். செந்தில்குமார் மண்டியிட்டு விரலை நீட்டினார், தொடாமலே இழுத்துக்கொண்டார். பெல்ட்டை ஓட்டச் சொல்ல அவருக்கு மறந்தே போனது.

"ஆறேழு கோடி வருஷமாவது இருக்கும்," என்றார் தணிந்த குரலில். பிறகு, "நாளைக்கு நேரத்தோட வந்துடும்மா. ஆனா ஒண்ணு கேக்கணும். இரும்பு எடுக்க இவ்வளவு மெல்லிசு முனை எதுக்கு?"

"அது இரும்புக்குன்னு தட்டுனது இல்லைங்க சார். வூட்டுல இந்த மாதிரி முப்பத்தொன்பது கெடக்கு, அத்தனையும் குவாரியில நான் ஓங்கி ஒடைச்சது."