இரண்டு கரண்டி சர்க்கரை

நோர்மா சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி இன்ஸ்பெக்டர் லெதெஸ்மாவிடம் நீட்டினாள். அவர் உலோகக் குழாயை வாயில் வைத்து மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரை உறிஞ்சினார். அடுத்த அறையில் அவளுடைய அப்பா எவாரிஸ்தோ சவப்பெட்டிக்குள் கிடந்தார். பின்மண்டைக் காயம் தெரியாதபடி தலையணையை உயர்த்தியிருந்தார்கள்.

"உங்கப்பா சர்க்கரை போட்டுக் குடிப்பாரா?"

"அவரா? சர்க்கரை போட்டா அது பச்சப்புள்ளைக்குக் குடுக்குற கஷாயம்னு கிண்டல் பண்ணுவாரு. ஏன் சார்?"

"அவர் விழுந்து கெடந்த எடத்துல இருந்த குடுவையில, அடியில சர்க்கரை. கூட உக்காந்து யாரோ குடிச்சிருக்காங்க. வேண்டப்பட்ட ஆளாத்தான் இருக்கணும். இத வேற யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க."

அவர் சிகரெட் பிடிக்க முற்றத்துக்குப் போனார். ஊரில் பாதிப் பேர் சர்க்கரை போட்டுத்தான் குடிக்கிறார்கள் என்று நோர்மா மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மதியம் ரொசாரியோவிலிருந்து தம்பி டெல்மோ வந்தான். அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"ஈஸ்டருக்கு வந்து சண்ட போட்டுட்டுப் போனதுதான்க்கா. அப்புறம் மூஞ்சியக்கூடப் பாக்கலியே!"

அந்த அழுகை பொய்யில்லை. இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. சமையலறையில் உட்காரவைத்து மாத்தே ஊற்றினாள்.

"இரு, சர்க்கரை எடுத்துட்டு வரேன்."

"வேணாம். அப்படியே குடு."

"கசக்குமேடா."

"பழகிட்டேன்க்கா."

வாங்கிக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினான். முகம் ஒருமுறை கோணியது. "இன்னொண்ணு ஊத்து" என்று குடுவையை நீட்டினான்.

சின்ன வயதில் ஒரு வாய் கசப்பைத் துப்பிவிட்டு அப்பாவிடம் அறை வாங்கியவன். போன ஈஸ்டரில்கூட இரண்டு கரண்டி போட்டவன். சர்க்கரை விஷயத்தை அவனிடம் யாருமே சொல்லவில்லை.

"பெட்டிய மூடப் போறோம், வாங்க!" என்று அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் முற்றத்திலிருந்து உள்ளே வந்தார். வாயை மூடிக்கொண்டால் தம்பியாவது மிஞ்சுவான். நோர்மா அலமாரியைத் திறந்து சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"போட்டுக்கடா. எப்பவும் ரெண்டு கரண்டிதானே."

இன்ஸ்பெக்டர் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். டெல்மோ இரண்டு கைகளையும் மெல்ல மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.