பாய்க்குள் அடங்காத தலைவர்

ஊர்காவற்றுறை அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு விழா மலர்களை நான் வடிவமைத்துவிட்டேன். இரண்டிலும் 'வடிவமைப்பு: றஜீபன்' என்று முதலாளியின் பெயர்தான் வந்தது. மூன்றாவதில் என் பெயர் வரவேண்டும் என்று நேரே கேட்டேன்.

"கழகத் தலைவர் பிழை சொல்லாமல் அச்சடிக்கக் கையெழுத்துப் போடட்டும், பாப்பம்," என்றார் றஜீபன் அண்ணை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தலைவரை அவருக்குத் தெரியும்.

இது விளையாட்டுக் கழகத்தின் பாய்மர வள்ளப் போட்டி மலர். தலைவர் விநாயகமூர்த்தியின் வாழ்த்துச் செய்தி பாய் வடிவப் பெட்டிக்குள் இருக்கவேண்டும். பாய் காற்றுப் பிடித்துச் சரிந்து நிற்கவேண்டும். பட்டங்களோடு அவர் பெயர் உச்சியில் வரவேண்டும். எல்லாம் அவர் கட்டளை.

முதலில் கணினியில் பெட்டியை அப்படியே சரித்தேன். எழுத்துகளும் சேர்ந்து சரிந்தன. பார்க்க வந்த தலைவர் கதிரையில் இருந்தபடி தலையைச் சாய்த்தார், பிறகு உடம்பையும் சாய்த்தார்.

"பிள்ளை, இதை வாசிக்கிற சனமெல்லாம் கழுத்துக்கு எண்ணெய் பூசவேணும்."

அடுத்த தடவை ஓரங்களை மட்டும் சரித்து, வரிகளை நேராக விட்டேன். இப்போது பெயர் அடம்பிடித்தது. உச்சி ஒரு விரல் அகலம், பெயரோ பட்டங்களோடு ஒரு முழம். கொள்ளும் இடம் கிடைக்கும்வரை அந்த வரி இறங்கி இறங்கிப் பாயின் நடுவயிற்றில் போய் நின்றது. அடியில் மிஞ்சிய நாலு வரிகளை அடுத்த பக்கத்துப் பெட்டியோடு தொடுத்தேன். அந்தப் பக்கத்தில் கோழிக்கடை விளம்பரம்.

"'என் ஆசி என்றும் உண்டு.' கீழை உரிச்ச கோழி," என்றார் தலைவர். "நான் கோழிக்கோ வாழ்த்துச் சொன்னனான்?"

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. அழுகையும் வந்தது. என் பெயர் அந்தக் கோழியோடு போகப் பார்த்தது.

"ஐயா, ஒரு பட்டத்தைக் குறைப்பமோ?"

"ஏலாது. தந்தவன் கோவிப்பான்."

"எழுத்தைச் சின்னனாக்கட்டோ?"

"அதைவிட என்னைச் சின்னனாக்கும்."

பட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். உச்சியில் சமாதான நீதவான் என்பதற்கான 'ஜே.பி.' அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அதன் கீழ் 'கடல்மணி', அதன் கீழ் 'சமூகச்சுடர்', பிறகு பெயர், பிறகு 'தீவக விளையாட்டுத்துறைக் காவலர்'. பாய் அகலிக்க அகலிக்கத் தலைவரும் அகலித்தார். இடத்துக்காக வாழ்த்தில் ஏழு வரிகளை வெட்டினேன். கிடைத்த அடிவரியில், யாரையும் கேட்காமல், 'வடிவமைப்பு: கிருசாந்தி' என்று போட்டேன்.

தலைவர் பட்டங்களை மூன்று முறை வாசித்தார். வாழ்த்துப் பக்கம் அவர் கண் போகவேயில்லை. விரல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்து கடைசி வரியில் நின்றது.

"இது ஆர் கிருசாந்தி?"

"நான்தான் ஐயா."

றஜீபன் அண்ணை எழும்பினார். "அது பிழையாய் வந்திட்டுது. எடுக்கச் சொல்லுறன்."

"பிழைதான்," என்றார் தலைவர். "பிள்ளை, நீர் கம்பசிலை படிச்சனீர் எல்லே?"

"ஓம். எங்கட வீட்டிலை பல்கலைக்கழகம் போனது நான்தான் முதல்."

"பிறகேன் வெறும் பேர்? பட்டம் எங்கை? என்ரை பாயிலை ஒருத்தரும் வெறும் பேரோடை நிக்கேலாது."

றஜீபன் அண்ணை திரும்பக் கதிரையில் இருந்தார். நான் என் பெயரோடு 'கலைமாணி' என்று பி.ஏ. பட்டத்தையும் தட்டினேன். வரி உடைந்து, பெட்டியின் மூலையில் சிவப்புக் குறி எரிந்தது.

"இடம் காணாது ஐயா."

"என்ரை வாழ்த்திலை ஒரு வரியை வெட்டும்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்தார் தலைவர்.