திருப்பிக் கொடுத்த பச்சை

கல்முனையில் ஸலாஹுதீனின் புடவைக் கடைக்குள் நுழைகிறவர் முதலில் காண்பது புடவையை அல்ல, பலகையை: 'விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது.' சாயம் போனாலும், மாமியாருக்குப் பிடிக்காவிட்டாலும் பலகை பலகைதான்.

எங்கள் ஊர் வழமைப்படி அவர் குடியிருந்தது மனைவி பரீனாவின் சீதன வீட்டில். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி வீட்டின் பின்வளவுத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போக, அடுத்த மாரியில் அந்த வெளியில் பரீனா மிளகாய் நாற்றுமேடை போட்டாள். அவருக்கோ அங்கே துணிக் களஞ்சியம் கட்ட ஆசை. நாற்றுத் தேறாவிட்டால் இடம் களஞ்சியத்துக்கு என்று பேச்சு முடிந்தது. பேரம் அவருக்குத் தொழில், அவளும் சளைத்தவளல்ல.

மழைக்கு மேடையை மூட, மீலாத் விழாச் சோடனையில் மிஞ்சிய பச்சைப் பொலித்தீனைக் கொண்டுவந்து அவரே கட்டினார். பச்சைக்குப் பச்சைதான் பொருத்தம், அல்லாஹ்வின் பறக்கத்தும் உண்டு என்றார்.

பரீனா விஞ்ஞானம் படித்தவள். "இல ஏன் பச்சையா இரிக்கி தெரியுமா? வெயில்ல சிவப்பையும் நீலத்தையும் எடுத்துத்தான் கூடுதலாச் சமைக்கிது. பச்சையிலதான் ஒரு பங்க வேணாமெண்டு திருப்பிக் குடுக்குது. அது கழிச்ச சாமானக் கொண்டுவந்து அதுட தலைக்கு மேலயே கட்டியிரிக்கீங்க."

"திருப்பிக் குடுக்கிற யாவாரம் எங்கட பரம்பரையில இல்ல புள்ள," என்று அவர் கடைக்குப் போனார்.

அவள் பாதியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே சிவப்புப் பொலித்தீன் கட்டினாள். செய்தி கடைக்கு எட்டியது. அந்தச் சிவப்புக்குக் கீழே மிளகாய் பழுத்தே முளைக்கும் என்று ஒருவர் சொல்ல, ஸலாஹுதீனும் சேர்ந்து சிரித்தார்.

நாற்று வளர்ந்தது. பச்சைக்குக் கீழே வெளிறி, கழுத்து நீண்டு, சாய்ந்து நின்றது. சிவப்புக்குக் கீழே குட்டையாய், தண்டு பருத்து, இலை கரும்பச்சையாகி நின்றது. ஸலாஹுதீன் இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். பாதிதானே தேறியது, அப்படியானால் பாதி இடம் களஞ்சியத்துக்கு என்றார்.

பரீனா பச்சைப் பொலித்தீனை அவிழ்த்துச் சுருட்டி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே கடைக்கு வந்தாள். பெருநாள் கூட்டம் பார்த்திருக்க, சுருளை மேசையில் வைத்தாள்.

"தேறாதது என்ட நாத்தில்ல, ஒங்கட பச்ச. திருப்பி எடுங்க."

அவர் பலகையைக் காட்டினார்.

"அது வித்த சாமானுக்கு. இது நீங்க சும்மா தந்தது. வளவு எனக்கு வாப்பா தந்தது. அதத் திருப்பிக் குடுக்க நான் இலையில்ல."

ஸலாஹுதீன் சுருளை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். கூட்டத்தில் நின்ற பெண்ணொருத்தி, சாயம் போன சேலையொன்றைப் பையிலிருந்து மெல்ல வெளியே எடுத்தாள்.