பாறையின் தெற்குப் பாதி

கணவரின் வயிற்று அறுவை முடிந்து, எட்டு நாள் கழித்து மொக்போ நகரத்திலிருந்து தீவுக்குத் திரும்பிய ஒக்தான், அவரை வீட்டில் படுக்கவைத்த கையோடு பாறைக்குத்தான் ஓடினாள். நண்பகல். கடல் வற்றிப் பாறை முழுதும் வெளியே கிடந்தது.

தெற்குப் பாதி அவளுடையது, வடக்குப் பாதி சுன்தொக்குடையது. நடுவே சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு. இருபத்திரண்டு வருடக் கூட்டாளிகள். குளிர்காலத்தில் இருவரும் சேர்ந்துதான் பாறையைச் சுரண்டி, மியோக் என்னும் உண்ணும் கடற்பாசி ஒட்டிப்பிடிக்க இடம் பண்ணுவார்கள். மே மாத வெயிலில் இளம்பாசி கருகாமல் வாளி வாளியாகக் கடல்நீரை மொண்டு ஊற்றுவார்கள்.

பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுப்பிராணிகளான கொட்டலசுகள் வாயை இறுக மூடி உள்ளே தண்ணீரைத் தேக்கியிருந்தன. தொப்பிச் சிப்பிகள் பாறையோடு பாறையாக அழுந்திக் கிடந்தன. பாசிக்கு மூடிக்கொள்ள என்ன இருக்கிறது? அவளுடைய பாதியில் அது வெளுத்துச் சுருண்டிருந்தது. தொட்டதும் நொறுங்கியது. அலை தெறிக்கும் கீழ்விளிம்பில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு உயிர். கோட்டுக்கு அந்தப் பக்கமோ கருகருவென்று ஈரம் சொட்டியது.

வாளியோடு வந்த சுன்தொக் அவளைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"வந்துட்டியா அக்கா? அத்தான் எப்படி இருக்காரு?"

"தினமும் போன்ல என்னடி சொன்னே? 'ஊத்திட்டேன் அக்கா, தோள்பட்டை கழண்டு போச்சு'ன்னியே?"

"ஊத்தினேன். தெக்குப் பக்கம் வெயில் ஜாஸ்தி, நான் என்ன பண்ண?"

"இந்தக் கோடு வரைக்கும்தான் வெயிலா? நல்லா அளந்துதான் அடிச்சிருக்கு!"

சுன்தொக் வாளியைக் கடலில் முக்கினாள். ஊற்றியது தன் பக்கம்தான்.

மறுநாள் ஊர்க் கூடத்தில்தான் முழு விஷயமும் தெரிந்தது. பருவத்தில் பாறையைக் கவனிக்காமல் விட்டவருக்கு அடுத்த வருடம் பங்கு கிடையாது, அது கூட்டாளிக்குப் போகும் என்பது தீவின் சட்டம். ஊர்த்தலைவர் குமான் சங்கடத்தோடு சொன்னார்: "நீங்க விட்டுட்டுப் போயிட்டதா சுன்தொக் மூணாம் நாளே வந்து சொல்லிருச்சும்மா."

"அவகிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் போனேன். கேளுங்க அவளை!"

சுன்தொக் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்கிட்ட ஒப்படைச்ச மாதிரி ஞாபகம் இல்லையே."

பின்வரிசையில் சுன்தொக்கின் மகன் உட்கார்ந்திருந்தான். நகரத்து வேலையை விட்டுக் குடும்பத்தோடு வந்துவிட்டவன். ஒக்தானுக்குப் புரிந்துவிட்டது. 'எம் மகனுக்கு ஒரு பங்கு வேணும் அக்கா' என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு மூலையையாவது விட்டுக்கொடுத்திருப்பாள். ஒப்படைத்ததற்குச் சாட்சி இல்லை. அடுத்த வருடப் பங்கு போயிற்று.

ஜூலையில், மிஞ்சிய அந்த ஒரு முழப் பாசியை அறுக்கத் தனியாகப் போனாள். கோட்டுக்கு அப்பால் தாயும் மகனும் கட்டுக்கட்டாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒக்தான் குனிந்து அரிவாளை வைத்தபோது, "அக்கா, அலை!" என்று சுன்தொக் கத்தினாள்.

திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒக்தான் பாறையைக் கட்டிக்கொண்டாள். அலை முதுகில் அறைந்து தாண்டிப் போனது. உப்புநீரைத் துப்பிவிட்டு எழுந்தபோது, அந்தக் குரலை இன்னும் நம்பும் தன் உடம்பின் மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது. மீண்டும் குனிந்தாள்.