லைன் காமினி பேரில்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இன்டர்நெட் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு எனக்கு இன்டர்வியூ. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை. கேள்வி கேட்பவர்கள் கோலாலம்பூரில் இருப்பதால் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேசுவார்கள். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆட்குறைப்பில் வேலை போய் ஏழு மாதம். இந்த ஏழு மாதத்தில் என்னைக் கூப்பிட்ட ஒரே இடம் இதுதான்.

மோடத்தில் எப்போதும் பச்சையாக இருக்கும் விளக்கு ஒன்று சிவப்பாக விட்டு விட்டு எரிந்தது. சுவிட்சை அணைத்து, முப்பது வரை எண்ணி, மறுபடி போட்டேன். சிவப்பு. கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றி மாட்டினேன். வேறு ஒயர் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். சிவப்புதான். கைப்பேசி லைனில் இணைத்துப் பார்த்தேன். ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட் பின்பக்கம் பார்த்தது, ஹாலில் ஒரு கோடுதான் லைன் கிடைக்கும். திரையில் என் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. வேலை போன நாளிலிருந்து எனக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. என் மனைவி காமினி நான்கு மாதத்துக்கு முன் செபராங் ஜெயாவில் இருக்கும் தன் அக்கா துளசி வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான். "உங்ககிட்ட பேசறதும் இந்த பிரிட்ஜ்கிட்ட பேசறதும் ஒண்ணுதான். பிரிட்ஜாச்சும் அப்பப்ப சத்தம் போடும்," என்றாள். நான் அவள் பையைக் கீழே கொண்டுபோய்க் காரில் வைத்தேன். மேலே வந்து டிவி பார்த்தேன்.

லைன் கம்பெனிக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷம் பாட்டு ஓடியது. பிறகு நூருல் என்று ஒரு பெண் வந்தாள். மலாயில்தான் பேசினோம். அக்கவுண்ட் புவான் காமினி பேரில் இருக்கிறது, அவரிடம் பேசலாமா என்று கேட்டாள். ஆமாம், வீட்டில் இந்த மாதிரி வேலையெல்லாம் காமினிதான் பார்த்தாள்.

"தியா சுடா தாக் அடா," என்றேன்.

அவள் இப்போது இங்கே இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ‘இங்கே’ என்பதற்கு ‘சினி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் மலாயில் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். தமிழில்கூட "இப்ப அவ இல்ல" என்றால் அந்த இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

பிறகு, "தக்ஸியா, என்சிக்," என்றாள். துக்கம் விசாரிக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டாள்.

"நாலு மாதம்," என்றேன். அது பொய்யில்லை.

சாதாரணமாக ஆள் வர மூன்று நாளாகும், உங்களுக்காக அவசரம் என்று போடுகிறேன், இன்று மதியத்துக்குள் வருவார்கள் என்றாள். திருத்தியிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆள் வந்தார். குகன் என்று சட்டையில் பேர் இருந்தது. நாற்பது வயதிருக்கும். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடியே உள்ளே வந்தார்.

"ஆபீஸ்ல சொன்னாங்கண்ணே. அண்ணி விஷயம்."

"ம்."

"உடம்பு முடியாம இருந்தாங்களா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்தா."

"திடீர்னா? அட்டாக்கா?"

நான் மோடத்தைக் காட்டினேன்.

"சரிண்ணே, விடுங்க." அவர் கண் சுவரெல்லாம் தேடியது. மாலை போட்ட படமும் இல்லை, விளக்கும் இல்லை. "படம்கூட மாட்டலையாண்ணே?"

"எல்லாத்தையும் நேத்து கழட்டிட்டேன்."

"பாக்க முடியலல்ல," என்று அவரே சொல்லிக்கொண்டு மோடம் பக்கம் குனிந்தார்.

பேனா மாதிரி ஒன்றை எடுத்து மெல்லிய வெள்ளை ஒயரின் முனையில் சொருகினார். ஒயர் சுவரோரமாகப் போய் அலமாரிக்குப் பின்னால் மறைகிறது. அலமாரியின் அடியிலிருந்து சிவப்பு வெளிச்சம் கசிந்து தரையில் விழுந்தது.

"அங்கதான் உடைஞ்சிருக்கு. இத நகத்தினீங்களா?"

"நேத்து."

"அண்ணே, இது சும்மா ஒயர் இல்லண்ணே. உள்ள கண்ணாடி. கண்ணாடி மேல அலமாரிய ஏத்துனா அது என்னண்ணே பண்ணும்? எதுக்கு நகத்தினீங்க?"

"எனக்குப் பின்னாடி சுவரு சுத்தமா தெரியணும். மூணு மணிக்கு இன்டர்வியூ."

"இன்னிக்கா?" மணியைப் பார்த்தார். "இத வந்த உடனே சொல்ல வேண்டாமா? சுவருக்கு மேக்கப் போடறேன்னு கடைசில லைன சாகடிச்சிட்டீங்களேண்ணே!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சிக்கங்கண்ணே. வாய் தவறிடுச்சி."

"பரவால்ல."

இருவருமாக அலமாரியைத் தூக்கி நகர்த்தினோம். உடைந்த இடத்தை வெட்டி, நுனியைச் சீவி, ஒரு சின்ன பெட்டிக்குள் வைத்து ஒட்டினார். முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு விளக்கு பச்சையானது.

தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். சாமான்களை எடுத்து வைத்தார், செருப்பை மாட்டினார், திரும்பிப் பார்க்காமல் மாடிப்படி இறங்கினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான், எழவு வீட்டில் யாரும் போயிட்டு வரேன் என்று சொல்ல மாட்டார்களே என்று ஞாபகம் வந்தது.

காமினியும் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

இரண்டு இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. காமினி.

"என்னங்க, நான் எப்ப செத்தேன்?"

"என்ன?"

"எனக்கு மெசேஜ் வந்திருக்கு. லைன் சரி பண்ணியாச்சாம். புவான் காமினி மறைவுக்கு அனுதாபமாம். பேர் மாத்தறதுக்கு என்னோட டெத் சர்டிபிகேட் அனுப்பணுமாம். எனக்கே! துளசி அக்கா படிச்சிட்டு சோத்துக் கையோட சிரிச்சிக்கிட்டு இருக்கு."

"தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தியா சுடா தாக் அடா."

"சினி சேக்கலையா?"

"சேக்கல."

"முப்பது வருசம் மலாய்க்காரங்களோட வேல செஞ்ச மனுசன்!" மூச்சு விட்டாள். "வைங்க. இப்பவே கூப்பிட்டு நான் உசிரோடதான் இருக்கேன்னு சொல்றேன்."

"வேணாம்."

"என்ன வேணாம்? நான் உசிரோட இருக்கறதா?"

"மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. இப்ப சொன்னா லைன நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு."

அங்கே தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

"எங்க?"

"புக்கிட் தெங்கா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கிடைச்சா சொல்லலாம்னு."

"கிடைக்கலன்னா?"

"ம்."

"இந்த ம்தான். எந்த சட்ட போட்டிருக்கீங்க?"

"நீலம்."

"அதோட காலரு நைஞ்சி போச்சி. வெள்ளைய போடுங்க." பிறகு சொன்னாள், "நாலு மணி வரைக்கும் நான் செத்தே இருக்கேன். அதுக்கு மேல முடியாது. அவங்ககிட்டயும் ம் ம்னு உக்காந்திருக்காதீங்கலா. வாயத் தொறந்து பேசுங்க."

வெள்ளைச் சட்டை போட்டேன். மூன்று மணிக்கு இரண்டு முகம் திரையில் வந்தது. ஒரு சீனப் பெண், ஒரு மலாய்க்கார மேனேஜர். ஏழு மாதமாக என்ன செய்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை, வீட்டில் இருந்தேன் என்றேன். மேனேஜர் ஸ்டோரைப் பற்றிக் கேட்டார். சாமான் கணக்கு பொருந்தாமல் போனால் எங்கே முதலில் தேடுவது, புது ஆட்களை எப்படிப் பழக்குவது என்று தொடர்ந்து பேசினேன். என் குரல் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. லைன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் முடிந்தது. திங்கட்கிழமை சர்டிபிகேட்டுகளோடு தொழிற்சாலைக்கு நேரில் வாருங்கள், அநேகமாக வேலை உங்களுக்குத்தான் என்றார் மேனேஜர்.

நாலு பத்துக்குக் காமினி கூப்பிட்டாள்.

"சொல்லிட்டேன். அந்த நூருல் பொண்ணு அழுதிடுச்சி, பாவம். காலையில உங்களுக்காக வேண்டிக்கிச்சாம்."

"திங்கக்கிழம நேர்ல வரச் சொல்லியிருக்காங்க."

"நல்லதுங்க." நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், குரலில் தெரிந்தது. "இன்னொண்ணு. லைன உங்க பேருக்கு மாத்தச் சொல்லிட்டேன். நான்தான் அங்க இல்லையே. ஒவ்வொரு தடவையும் இப்படி என்னைச் சாகடிக்கவா முடியும்? உங்க ஐசி, அடையாள அட்ட நம்பர் கேட்டாங்க. எனக்கு மனப்பாடம்தான, குடுத்துட்டேன்."

"சரி."

"வேற ஒண்ணும் சொல்ல இல்லையா?"

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். மேனேஜரிடம் வந்த பேச்சு இவளிடம் வரவில்லை.

"சாப்டியா?" என்றேன்.

"சாப்டேன்," என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

உடனே என் கைப்பேசிக்கு மெசேஜ் வந்தது. குணாளன் அவர்களே, எங்கள் புதிய வாடிக்கையாளராக உங்களை வரவேற்கிறோம், பெயர் மாற்றத்துக்குச் சம்மதமானால் ‘யா’ என்று பதில் அனுப்பவும் என்றிருந்தது. ஆறு மணி வரைதான் நேரமாம். நாற்காலியை விட்டு எழாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காமினியின் நம்பரை இரண்டு தடவை எடுத்தேன், அழுத்தவில்லை. ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ‘யா’ என்று அனுப்பினேன்.