நெப்டியூன் தட்டில் ஒரு மணியோசை

காலணியைக் கழற்றிய பிறகும் அர்டீலியாவின் பாதங்கள் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தன. விடிவதற்கு முன்பே மருத்துவமனைச் சலவையறைக்குப் போய், ஈரப் போர்வைகளை இழுத்து இழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். பிற்பகல் வெயில் சோபாவில் விழுந்திருந்தது. அதிலேயே சாய்ந்துவிடலாம். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"எங்க தட்டை ஒரே ஒரு தடவை முழுசா கேளு. அப்புறம் நீ போகாதன்னா போகல," என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான் கணவன் கிளியோஃபஸ்.

வரும் ஞாயிறு அவனுடைய ஜாஸ் குழு ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறது. கோடை முழுக்க அங்கேதான். போனால் அவனுடைய பஸ் டிப்போ வேலை திரும்பக் கிடைக்காது. போகாதே என்று சொல்வதாக அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். கேட்பது ஒரு மரியாதைக்குத்தான்.

இசைத்தட்டின் உறையை அவனே இதே மேசையில் உட்கார்ந்து தீட்டியிருந்தான். குழுவில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் உறைகளைத் தீட்டுவார்கள். நீலமாக நெப்டியூன், அதை நோக்கிச் சாய்வாகப் பறக்கும் ஒரு பஸ். வாசித்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. விண்வெளியில் யாருக்கும் பெயர் கிடையாது என்பது குழுத்தலைவர் கேப்டனின் கொள்கை.

ஊசியை வைத்தாள். பித்தளைத் தட்டுகள் சரிந்து விழுவதுபோல் ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஆர்கன் கொதிகெண்டிபோலக் கூவியது. எல்லா முரசுகளும் வேறு வேறு அவசரத்தில் ஓடின. மேல்மாடியில் பர்னெல் அம்மாள் துடைப்பக் கட்டையால் தரையை இடித்தாள்.

"ஏம்மா அர்டீலியா! ஃப்ரிட்ஜை மாடிப்படியில உருட்டி விடுறீங்களா?"

"இல்லக்கா, நெப்டியூனுக்குப் போறோம்!"

"போறதுதான் போறீங்க, கதவைச் சாத்திட்டுப் போங்க!"

அர்டீலியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவனுடைய சாக்ஸபோனைத் தேடினாள். ஒவ்வொரு முறையும் ஊதத் தொடங்குமுன் அவன் மூக்கால் மெல்லியதாக ஒரு மூச்சை இழுப்பான். பக்கத்தில் படுத்து எழுந்தவளுக்கு அது தெரியாமல் போகாது. ஒரு சாக்ஸபோன் கரகரத்து வந்தது. இன்னொன்று தேனாக இழைந்தது. இரண்டும் அவனுடையவை அல்ல. தட்டைத் திருப்பிப் போட்டாள். அதிலும் அவன் இல்லை.

இரைச்சல் எல்லாம் வடிந்து, இருட்டுக்குள் எதுவோ தன்பாட்டில் மிதப்பதுபோல் ஆன இடத்தில் ஒரு சின்ன மணி கேட்டது. மறுபடியும் கேட்டது. வரவேண்டிய இடத்துக்கு எப்போதும் ஒரு கணம் பிந்தியே வந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

ஒத்திகைக்கோ ஒலிப்பதிவுக்கோ தாமதமாக வந்தவனின் வாத்தியம் அன்று முழுக்கப் பெட்டிக்குள்ளேயே கிடக்க வேண்டும். கையில் ஒரு மணியைக் கொடுத்துவிடுவார் கேப்டன். மற்றவர்களுக்கு நேர்ந்ததையெல்லாம் கிளியோஃபஸ் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான். ஒலிப்பதிவு நடந்த சனிக்கிழமை டிப்போவில் ஓவர்டைம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்புறம் போ என்று பிடித்துத் தள்ளியவள் அவள்தான். அன்று வீடு திரும்பியவன், நல்லா போச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

இப்போது அவளுக்கு வேலை சுலபம். பார், உன்னை அவர்களே ஊத விடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுலபமாக இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கிளியோஃபஸ் வந்து, தொப்பியைக் கழற்றாமலே நின்றான்.

"கேட்டியா?"

"கேட்டேன். அந்த மணி நீதானே?"

அவன் முகம் சுருங்கியது. "எப்படித் தெரிஞ்சுது?"

"நம்ம கல்யாணத்துக்கே லேட்டா வந்த ஆளு. எனக்கா தெரியாது?"

அவன் சிரிக்க முயன்று விட்டுவிட்டான். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் போகல. கேப்டன்கிட்ட சொல்லிடுறேன்."

இதைத்தான் அவள் குளிர்காலம் முழுக்கக் கேட்கக் காத்திருந்தாள். வந்துவிட்டது. ஈரப் போர்வை கைக்கு வந்ததுபோல் கனத்தது.

"எனக்காகவா, அந்த மணிக்காகவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல, கிளியோ. நீ மணிக்கு ரோஷப்பட்டுட்டு என் பேரைச் சொல்லப் போறே. அப்புறம் காலம் பூரா இந்த நாற்காலியில ஊமையா உக்காந்திருப்பே. அதைக் கேட்க எனக்குத் தெம்பில்ல."

"அப்ப போகச் சொல்றியா?"

"அதையும் சொல்லல. இப்ப ஒத்திகை இருக்குல்ல? நேரத்துக்குப் போ. பெட்டியைத் திற. ஊதிப் பாரு. அதுக்கப்புறமும் வேணாம்னு தோணுச்சுன்னா, அது உன் முடிவு."

"நீ என்ன நெனைக்கிறன்னு சொல்லேன்."

"நீ போகக் கூடாதுன்னுதான் நெனைக்கிறேன்," என்றாள். "கெளம்பு. மறுபடியும் லேட் ஆகப் போகுது."

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. படிகளில் அவன் காலடி மெதுவாக இறங்கியது, பிறகு வேகம் பிடித்தது. அந்த வேகத்தைக் கேட்டதுமே எந்தப் பதிலோடு திரும்பி வருவான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழலாம் என்று நினைத்தாள். அதற்கு முன்பே தூக்கம் வந்துவிட்டது.