டிராக்டர் சத்தம்

டிசம்பர் காலையில் வேலை இல்லாமல் இருப்பது டெல்பர்ட்டுக்கு இதுதான் முதல் தடவை. அமெரிக்காவின் மிசௌரியில் மாடு வளர்க்கிறவன் குளிர்காலத்தில் விடிந்ததும் டிராக்டரை எடுத்து, உலர்புல் உருண்டைகளைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். இந்த வருஷம் வேண்டாம் என்று மனைவி ஆர்டித் ஒற்றைக் காலில் நின்றாள். மேற்குப் புல்வெளியில் ஆகஸ்டிலிருந்தே மாட்டை விடாமல், உரம் போட்டுப் புல்லை வளர்த்து வைத்திருந்தாள். கரண்டு வேலிக் கம்பியைத் தினமும் கொஞ்சம் நகர்த்தினால் மாடுகளே மேய்ந்துகொள்ளும். புல் பிப்ரவரிவரை வந்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் அவளுடைய கிடேரிகளை விற்றுத்தான் தீனி வாங்க வேண்டும்.

மாடுகளோ மேயாமல் கம்பியோரம் நின்று, கொட்டகையைப் பார்த்துக் கத்தின.

"பாத்தியா? பட்டினில கத்துது."

"பட்டினியாவது ஒண்ணாவது! நீ தெனமும் டிராக்டர ஸ்டார்ட் பண்ற, தீனி வருதுன்னு கத்துது."

"குளிர்ல பேட்டரி செத்துடும்டி."

"பேட்டரியா அது, கைக்கொழந்தையா? சும்மா உக்காரேன்."

அவனுக்கு உட்காரத்தான் முடியவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தான். காபியை மறுபடி மறுபடி குடித்தான். ஆர்டித் கடைக்குப் போன ஒரு காலையில் பொறுக்க மாட்டாமல் டிராக்டரைக் கிளப்பி, களத்தை ஒரு சுற்றுச் சுற்றினான்.

சத்தம் கேட்டதுதான் தாமதம், மந்தை மொத்தமும் கம்பியை அறுத்துக்கொண்டு, மேயாத புல்லை மிதித்துத் துவைத்தபடி அவனை நோக்கி ஓடிவந்தது. பாவி மனிதனுக்கு அந்த ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆர்டித் திரும்பி வந்து சேறாகிக் கிடந்த புல்லைப் பார்த்தாள்.

"எந்தக் கிடேரிய விக்கலாம்? நீயே சொல்லு."

"அதுங்க என்னத் தேடி ஓடி வரணும்னு இருந்துச்சு, ஆர்டித்," என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

அவனே பேட்டரியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

அதன்பிறகு அவன் நடந்தே போய்க் கம்பியை நகர்த்தினான். மாடுகள் சில நாள் கத்திப் பார்த்துவிட்டு, பனியை மூக்கால் தள்ளி மேயத் தொடங்கின. ஒரு காலை அவன் நடுவில் போய் நின்றான். ஒரு மாடுகூடத் தலை தூக்கவில்லை.

அவன் வீட்டுக்கு வந்ததும் ஆர்டித் கேட்டாள். "மேயுதா?"

"மேயுது. ஒண்ணுகூட என்னத் திரும்பிப் பாக்கல."

"அப்போ மிச்சப் புல்லே போதும், கிடேரிங்க தப்பிச்சுது," என்றாள் அவள் மலர்ந்து. அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.